கூரையில்லாத காரின் பூர்வீகம்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் ஒரு கார் வாங்கினார். வாங்கினார் என்றால் ஓட்டி வந்தார் என்று நினைக்கக் கூடாது. ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி இழுத்து, மராத்தி பேசும் ஹடப்சரில் எங்கள் கட்டட வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். காருக்குக் கூரை இல்லை. முன்னால் கம்பெனிச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"என்ன காருங்க இது?"

"கன்வர்ட்டிபிள்."

"கூரை இல்லாததுதான் எனக்கே தெரியுதே. எந்தக் கம்பெனி?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார், பாதிப் புதையலைத் தோண்டிவிட்டவர் போல.

அரக்கோணத்தில் நான்கு அண்ணன்களுக்குப் பின் பிறந்தவர் அவர். சட்டை, சைக்கிள், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாமே அண்ணன்மார் தேய்த்து முடித்த பிறகுதான் இவர் கைக்கு வந்தன. ஊரில் யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி வந்துவிட்டார்.

"வஹினி, இந்த பங்கார் எப்போ இங்கேருந்து போகும்?"

வஹினி என்றால் அண்ணி, பங்கார் என்றால் காயலான் கடைச் சரக்கு. என் கணவருக்கு மராத்தி வராது, அதனால் எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் இதே ஊர்க் கட்கியில் பிறந்தவள். மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நாலு பேர் முன்னால் பேச எந்த மொழியிலும் வராது.

"விண்டேஜ்னு சொல்லு" என்று பின்னாலிருந்து இவர் முணுமுணுத்தார். சொன்னேன்.

"விண்டேஜ்னா நமக்கெல்லாம் பெருமைதான், இருக்கட்டும். ஆனா என்ன மாடல், யார் செஞ்சதுன்னு மாசக் கூட்டத்துல எழுந்து சொல்லணும். சொல்ல முடியலைன்னா பங்கார்க்காரனைக் கூப்பிட்டுடுவேன்."

அன்றிலிருந்து காரின் பூர்வீகத்தைத் தேடி ஸ்கூட்டரில் அலைந்தோம். கேம்ப் பகுதியில் பழைய கார்கள் வைத்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்தோம். அவர் கைத்தடியோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"முன்பக்கம் இங்கிலாந்து. கதவு ஜெர்மனி. பின்பக்கத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல" என்று இந்தியில் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இவர் அசரவில்லை. "பாத்தியா! ஊர் ஊரா சாமான் வரவழைச்சு ஸ்பெஷலா செஞ்சிருக்காங்க. ஏதோ ராஜா வூட்டு வண்டி."

பின்சீட்டு இடுக்கைத் துடைத்தபோது கொஞ்சம் ஜரிகை அகப்பட்டது. ராணியின் புடவை என்றார். மஞ்சள் அரிசியும் அகப்பட்டது. ராணி ஏன் காரில் அரிசி கொண்டு போனாள் என்று கேட்டேன். அவர் ஜரிகையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் வாட்ச்மேனுக்கும் பால்காரருக்கும் ராஜா கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

காரை விற்ற தரகரை மறுபடி பிடித்து நெருக்கியதில், ரஸ்தா பேட்டில் ஒரு கல்யாண பேண்டுக்காரரைக் கைகாட்டினார். நாங்கள் போனபோது அவர் வீட்டு வாசல் கொடியில் சிவப்புக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஓடுதா தாயீ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லை."

"எங்ககிட்டயும் பாதி நாள் ஓடல" என்று சிரித்தார். பிறகு முழுக் கதையையும் சொன்னார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக அவர் வைத்திருந்த காருக்கு அப்போது கூரை இருந்ததாம். மாப்பிள்ளைகள் தலையில் கட்டும் பேட்டாவின் குஞ்சம் அதில் இடித்து மடங்கிக்கொண்டே இருந்ததாம். ஒரு மாப்பிள்ளை, அவிழ்ந்த தலைப்பாகையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு மண்டபத்தில் இறங்கினாராம். பெண்வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேண்டுக்காரரைச் சபித்தாள். மறுநாளே வெல்டரைக் கூப்பிட்டுக் கூரையை அறுத்துவிட்டார். கதவு விழுந்தபோது வேறு காரின் கதவு. பின்னால் பஸ் இடித்தபோது வேறு ஏதோ காரின் பின்பக்கம்.

"அப்போ இது என்ன மாடல் காக்கா?" என்று கேட்டேன். மராத்தியில் சித்தப்பாவுக்குக் காக்கா என்று பெயர்.

"கல்யாண மாடல்!"

"என்ன சொல்றாரு? எந்த ராஜாவாம்?" என்று இவர் என் முழங்கையைக் கிள்ளினார். தமிழில் சொன்னேன். ஹடப்சர் வரும்வரை ஸ்கூட்டரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார்.

கூட்டத்தன்று என் காதருகே வந்தார். "ராஜா வண்டின்னே சொல்லிடு."

"நான் பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்ங்க."

"உண்மை சொன்னாலும் உன் மூஞ்சி அப்பிடித்தான் இருக்கும். தைரியமா சொல்லு."

எழுந்து நின்றேன். பொய்யை யோசித்துச் சொல்ல வேண்டும், எனக்கு யோசனை ஓடவில்லை. தரையைப் பார்த்தபடி பேட்டா, குஞ்சம், வெல்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மராத்தி புரியாவிட்டாலும் சிரிப்பு புரியும் அல்லவா. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

செக்ரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆக, பங்கார்தான்" என்றார்.

அப்போது மூன்றாம் மாடிப் பெண்மணி குரல் கொடுத்தாள். "எது பங்கார்? இத்தனை மாப்பிள்ளைங்க உக்காந்த மங்கள வண்டி. நம்ம கணபதியை வருஷா வருஷம் கரைக்க வெங்காய டெம்போவுல கொண்டு போறோமே, அது நல்லா இருக்கா? இதுல கூரையும் இல்ல. பூவால சின்ன மண்டபம் கட்டி உக்கார வெச்சா எல்லாரு கண்ணுக்கும் தெரியும்."

"ஓடாதே!" என்றார் செக்ரட்டரி.

"தள்ளுவோம்."

கணபதிக்கு எதிராகக் கைதூக்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் துணிவில்லை, செக்ரட்டரிக்கும்தான்.

விசர்ஜனத்தன்று கணபதி பின்சீட்டில் ஏறி அமர்ந்தார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட இவர் விடவில்லை. செக்ரட்டரி உட்பட ஆண்கள் எல்லோரும் பின்னால் நின்று, குலால் என்ற சிவப்புப் பொடியில் குளித்து, மூச்சு வாங்கத் தள்ளினார்கள். ஹேண்ட்பிரேக் பாதி போட்டபடியே இருந்ததைக் கால்வாய்க்கரை வந்து சேர்ந்த பிறகுதான் இவர் பார்த்தார். அதை யாரிடமும் சொல்லாதே என்று தமிழில் என்னிடம் கேட்டுக்கொண்டார்.