கேசட்டுக்காரியின் குரல்

அத்தை ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் தங்கையான அவள், எங்கள் வீட்டிலேயே தங்கி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்கு வாங்க வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசத் தெரிந்தால் நல்ல இடத்தில் உட்காரவைப்பதாக மேனேஜர் சொன்னாராம். அந்தச் சனிக்கிழமையே வேலூர் பஜாருக்குப் போய் ஒரு கேசட் வாங்கி வந்துவிட்டாள்.

கேசட்டில் ஒரு பெண் பேசுவாள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, நாம் திருப்பிச் சொல்வதற்காகச் சற்று நேரம் சும்மா இருப்பாள். அந்த இடைவெளியில் டேப் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். கோபமோ சிரிப்போ ஒட்டாத, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரியான குரல். மனநிலைகளைப் பற்றிய பாடத்தில் அந்தக் குரல், ஐ ஆம் அனாய்டு என்றது. ஐ ஆம் எம்பாரஸ்டு என்றது. ஐ ஆம் டிஸ்அப்பாயின்டட் என்றது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கே அதுவரை ஹேப்பியும் சேடும்தான் தெரியும். மனிதர்களுக்கு இத்தனை வருத்தங்கள் உண்டா என்று ஆச்சரியமாக இருந்தது.

அத்தையும் நானும் அதை விளையாட்டாக்கிக்கொண்டோம். ஒருத்தி முகத்தைக் காட்டினால் இன்னொருத்தி வார்த்தையைச் சொல்லவேண்டும். மூன்றாவது வார்த்தை மட்டும் அத்தையின் வாயில் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழும். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரி, ஆற்றைக் கெடுக்கிறதென்று மூடிக் கிடந்த வருஷம் அது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு, படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். வீடு அத்தையின் சம்பளத்தில் ஓடியது. அப்போதுதான் பேரணாம்பட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அத்தை செய்த கேசரியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அவருடைய அம்மா அத்தையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அப்பா சொன்னார். அத்தை சரியென்று தலையாட்டிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு வந்தேன். அம்மா சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறையில் கேசட் ஓடியது. அனாய்டு என்றது. உஸ்ஸ் என்றது. எம்பாரஸ்டு என்றது. மறுபடி உஸ்ஸ். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

கதவைத் தள்ளினேன். டேப் ரிக்கார்டரின் மூடி திறந்திருந்தது. உள்ளே கேசட் இல்லை. ஆபீசுக்குக் கட்டிய புடவையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அத்தை சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குரல் அவளிடமிருந்து வந்தது. ஆனால் அது அவள் குரலில்லை. இடைவெளியில் வந்த அந்த உஸ் சத்தமும் அவள் பல்லிடுக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிறகு டிஸ்அப்பாயின்டட் என்றாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

கூப்பிட்டேன். மெதுவாகத் திரும்பி, யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே என்று கேட்டாள். பழக்க தோஷத்தில், ஐ ஆம் ஹேப்பி என்றேன். குட் என்று சொல்லிவிட்டுச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிலிருந்து அது வீட்டில் ஒரு ஆளாகவே குடியிருந்தது. அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள், துணி மடித்தாள். திடீரென்று மடிப்பது நின்று அந்தக் குரல் கிளம்பும். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், காற்று கறுப்பு ஏதோ பட்டிருக்கிறது, தர்காவில் தண்ணீர் ஓதிக் கொண்டுவருகிறேன் என்றார். எங்கள் பாஸ்டர் வந்து அத்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். தன் சொந்தக் குரலில் தெளிவாக ஆமென் சொன்னாள். அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் உஸ்ஸென்றது. எனக்கு அந்த அறைக்குள் போகவே பயம். ஆனாலும் அவள் இடைவெளி விடும்போதெல்லாம், யாராவது திருப்பிச் சொல்லவேண்டுமே என்று வாய் துருதுருக்கும்.

கடைசியில் ஒருநாள் அப்பா என்னை அத்தையின் முன்னால் நிறுத்தினார்.

“இன்னா சொல்றா உங்க அத்தை? தமிழ்ல சொல்லு.”

எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். முதல் வார்த்தைக்கு எரிச்சல் என்றேன். இரண்டாவதற்கு, யார் முகத்திலயும் முழிக்க முடியலையாம் என்றேன். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

“ஏமாந்துட்டாங்களாம்பா.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் கறுத்தது. கல்யாணமாகாத பெண் ஏமாந்துவிட்டேன் என்றால் பெரியவர்கள் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் எவனோ ஒருவன் என்று முடிவு கட்டிவிட்டார். நாளையிலிருந்து வேலைக்குப் போகக்கூடாது என்றார். பிறகு அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“யாரும்மா உன்ன ஏமாத்துனது? பேர் சொல்லு. நான் பாத்துக்கிறேன்.”

அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஐ ஆம் டிஸ்அப்பாயின்டட் என்றது அந்தக் குரல். பிறகு உஸ்ஸ். அவர் திருப்பிச் சொல்வதற்காக அது காத்திருந்தது. மறுபடி அதையே சொன்னது. மறுபடி காத்திருந்தது. கண் மட்டும் அவரை விட்டு அசையவில்லை. மூன்றாம் தடவையும் அது காத்திருந்தபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அத்தை வழக்கம்போல் கம்பெனிக்குப் போனாள். அந்தக் குரலை அதன்பின் நாங்கள் கேட்கவில்லை.

அப்பா பஸ் ஏறிப் பேரணாம்பட்டுக்குப் போய் வந்தார். அதற்குள் அந்த வாத்தியாருக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. அத்தைக்கு நாலைந்து வருஷம் கழித்துச் சித்தூரில் கல்யாணம் ஆனது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் அன்றே சம்மதம் சொல்லி அனுப்பினார்களாம். டேனரி திறப்பதற்குள் இவள் போய்விட்டால் அடுப்பெரியாது என்று அப்பாதான் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அந்த மத்தியானம் மாப்பிள்ளையின் அக்கா கம்பெனி வாசலில் அத்தையைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டாளாம்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா இங்கிலீஷ் வராமல்தான் தலைகுனிந்தார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அன்று சாயங்காலம் வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வார்த்தையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். டிஸ் என்றார். அப்பாயின் என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கஷ்டமான வார்த்தைதான்பா, அத்தைக்கே ரொம்ப நாள் வரவில்லை என்று சொல்லி, நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.