தையல் ரூமில் ஷாஜி

என் அக்கா வீட்டுக்காரர் வில்சன் அத்தான் கேரள எல்லை ஓரத்து அமரவிளையில், ஹைவேயை ஒட்டித் துணிக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஒருநாள் நான் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது. வேன் நிறையப் பெண் வீட்டார். பட்டுப்புடவை, வேட்டி, சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியது என்று கவுண்டரில் குவித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து பில் போடப் போனால்... கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெண்ணின் தாய்மாமா கத்த ஆரம்பித்தார். போனைக் காட்டிப் பணம் கட்ட நின்றவர்களுக்கும் அதே வட்டம்தான். அத்தானுக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

"எலே மக்கா, இந்த வைஃபைய தூக்கிக் கடல்ல எறியணும். நீ பேப்பர்ல எழுதுற ஆளாக்கும். நல்ல சாதனம் எதுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

பேப்பரில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. என் சொந்தக்காரர்கள் ஒரு வகை. இன்னொரு வகை — நான்.

உட்கார்ந்து படித்தேன். வீட்டில் வைக்கிற ரூட்டர் ஒற்றைப் பெட்டி. அதை நம்பிக் கடை நடத்தக் கூடாது. ஆஸ்பத்திரியிலும் லாட்ஜிலும் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஆக்சஸ் பாயின்ட். தளத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று மாட்டினால் கடை முழுக்க வைஃபை ஒரே சீராகக் கிடைக்கும். இதில் சாதாரண ரகம் உண்டு. கிளவுட் ரகமும் உண்டு — எல்லாத் தட்டுகளையும் இன்டர்நெட் வழியாக ஓர் ஆப்பில் இருந்தே கவனிக்கலாம். கடைக்கு வரக்கூட வேண்டாம்.

நெய்யாற்றின்கரையில் இருந்து பிரமோத் என்ற நெட்வொர்க்குக்காரர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். எத்தனை பேர் ஒரே நேரத்தில் போன் பயன்படுத்துவார்கள், பில் போடும் கம்ப்யூட்டருக்குத் தனி வழி வேண்டுமா, வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க மறந்தால் பெட்டி ஓடுமா நின்றுவிடுமா... இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் யோசிக்கணும் என்றார். நல்ல கேள்விகள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. என் கண் அவர் போனில் இருந்த ஆப்பில் இருந்தது.

என்ன அழகு! கடையின் படம். அதில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வட்டம். வட்டத்தைத் தொட்டால் அதில் யார் யார் போன் இணைந்திருக்கிறது என்று பெயர் பெயராக வருகிறது. பிரமோத் என்னைப் பார்த்தார்.

"சாரே, ஆளுக்க பேரு காட்டாம வைக்கவும் செய்யலாம். ஸ்டாஃபுக்கு அதாக்கும் நல்லது."

"பேரு தெரியாம பின்ன என்னத்துக்கு கிளவுடு?" என்றேன் நான்.

அத்தான் தலையை ஆட்டினார். அளியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மச்சானை அளியன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். மலையாளமா தமிழா என்று யாரும் கேட்பதில்லை. கிளவுட் ரகமே முடிவானது. படம் பார்க்கும் பாஸ்வேர்டு அத்தானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

புது வைஃபை பிரமாதம். வட்டம் சுற்றுவது நின்றது. எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது பின்னறையில் பிளவுஸ் தைக்கிற பிரின்சிதான். கடலோரப் பொழியூரில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். கையில் அப்படி ஒரு வேலைத்திறன். கல்யாணப் பெண்கள் அவர் தைத்தால்தான் புடவையே எடுப்பார்கள். அந்தத் தையல் ரூமில் முன்னெல்லாம் போன் பேசக்கூடச் சிக்னல் கிடைக்காது. இப்போது அவர் தலைக்கு மேலேயே ஒரு தட்டு.

"சாரு செலெக்ட் பண்ணினதா? புண்ணியம் கிட்டும் சாரே" என்றார் என்னைப் பார்த்து. நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. சிலர் ஓயாமல் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள் இல்லையா? நான் அத்தான் கடையைப் பார்க்க ஆரம்பித்தேன். டீ குடிக்கும்போது பார்ப்பேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்ப்பேன். சேலை செக்ஷனில் பையன் ஒருவன் வீடியோ பார்க்கிறான், மாடியில் யாரோ பாட்டு கேட்கிறார்கள்... எனக்கு என்ன போயிற்று? ஒன்றும் போகவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டார் — ஷாஜி.

தையல் ரூம் தட்டில், தினமும், கடை திறந்ததும் வந்து விடுகிறார். சாயங்காலம் வரை அங்கேயே. மத்தியானம் ஆனால் டேட்டா எகிறுகிறது. கடையில் ஷாஜி என்று யாருமே வேலையில் இல்லை. தையல் ரூமில் பிரின்சி மட்டும்தான். அதை ஒட்டிப் பெண்கள் உடுத்திப் பார்க்கிற டிரையல் ரூம்கள். என் மூளை எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எழுதக் கை கூசுகிறது.

பாறசாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவன் நேராகக் கடைக்குப் போனேன். பிரின்சியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தானிடம் படத்தைக் காட்டினேன்.

"இஞ்ச பாருங்க அத்தான். உள்ள ஒரு ஆளு உண்டு."

அத்தானுக்கு முகம் சிவந்தது. டிரையல் ரூம் பக்கம் ஓர் ஆண் பதுங்கியிருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான். ஆள் ஓடிவிட்டால் பிடிக்க வேண்டும் என்று மேனேஜரையும் இரண்டு சேல்ஸ்மேன்களையும் கூட்டிக்கொண்டார். நான் முன்னால் போனேன், போனை நீட்டிப் பிடித்தபடி. புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பிரின்சி மிஷினில் இருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு இத்தனை பேர் நிற்பதைப் பார்த்ததும் காலை மிஷினில் இருந்து எடுத்தார்.

"ஆரு இஞ்ச ஷாஜி?" என்றார் அத்தான்.

பிரின்சி விழித்தார். என்ன கேட்கிறார் என்று புரியாத விழிப்பு. அது திருட்டு விழி என்று எனக்குத் தோன்றியது. நான் சொன்னேன். எல்லார் முன்னாலும் நான்தான் சொன்னேன்.

"மறைக்காண்டாம் பிரின்சி. காலையிலேருந்து சாயங்காலம் வரை தெனமும் ஷாஜி இந்த ரூமுக்குள்ள உண்டு. இதுல காட்டுது."

பின்னால் ஒரு சேல்ஸ்மேன் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஒரு பெண் "அய்யே" என்றாள்.

அப்போது மிஷின் பக்கத்தில் இருந்து ஓர் ஆண் குரல் வந்தது. நூல் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் இருந்து.

"ஷாஜி நானாக்கும். நீங்க ஆரு?"

திரையில் ஒரு மனிதர். தலைமாட்டில் அடுக்குக் கட்டிலின் இரும்புக் கம்பி. கல்ஃபில் ஏதோ ஒரு கம்பெனி ரூம். பனியனோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்க மாப்பிள சாரே" என்றார் பிரின்சி. "அவருக்கு நைட் ஷிப்ட். மத்தியானம் முழிச்சதும் கூப்பிடுவாரு. இந்தப் போனும் அவருக்கதுதான். லீவுல வந்தப்ப புதுசு ஒண்ணு வாங்கிட்டு, இத எனக்குத் தந்துட்டுப் போனாரு."

அவ்வளவுதான் விஷயம்.

பிரின்சி போனை அணைத்தார். கத்தரிக்கோலை உறையில் போட்டார். தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அரைகுறையாக விடாமல் மடித்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவே புகுந்து வெளியே போனார். வழிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் ஒதுங்கிப் போனார்.

எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்காரர்களின் பழைய போன் கடைசியில் எங்கே போகும்? மனைவிக்கு, இல்லையென்றால் தங்கைக்கு. போனுக்குள் முதலில் பதிந்த பெயரை மாற்ற யாருக்கும் தோன்றாது. பாதிப் பெண்களின் கையில் இருப்பது ஏதாவது ஓர் ஆணின் பெயருள்ள போன்தான். இது எனக்குத் தெரியாதா? பிரமோத்துக்குப் போன் செய்தபோது அவர் பொறுமையாகச் சொன்னார்.

"ஆளு வேண்டா சாரே, போனு பேக்ல கிடந்தாலே மதி, அது போதும். நாள் முழுக்கக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை சேலை செக்ஷன்ல சாருக்க பேரும் உண்டல்லோ... ரொம்ப நேரம்."

ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகவே இல்லை. போனது என் மனைவி. என் பழைய போனோடு.

என்னை யாரும் கூட்டமாக வந்து பிடிக்கவில்லை, பார்த்தீர்களா? இன்னொன்றும் உறுத்துகிறது. பிரின்சி அங்கே வருஷக்கணக்காக வேலை செய்கிறார். அவர் கணவர் கல்ஃபில் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதருக்குப் பெயர் என்ன என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பிரின்சி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கல்யாண சீசன், துணி குவிந்து கிடக்கிறது. அத்தானுக்கு அந்தக் கவலை. எனக்கு வேறு கவலை. இரண்டு பேரும் பொழியூருக்குப் போனோம்.

கடல் தின்றது போக மீதியிருக்கிற ரோட்டில், கொட்டி வைத்த பாறைகளை ஒட்டி நடந்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பிரின்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டார். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். அத்தான் மாப்புக் கேட்டார், சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார், திரும்பி வரச் சொன்னார். நானும் மாப்புக் கேட்டேன். பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு அங்கே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரவில்லை.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல சாரே" என்றார் பிரின்சி. "ஆனா கடைக்கு வரமாட்டேன். முந்தி அவரு கூப்பிட்டா சும்மா பாத்துட்டே கிடப்பாரு. நான் தைப்பேன். பேச்சுகூட இருக்காது. மெஷினுக்க சத்தம் கேட்டா வீட்டுல கிடக்கது போல இருக்குன்னு சொல்லுவாரு. இப்போ போன எடுத்ததும் ஒரே கேள்வி. பக்கத்துல ஆரு உண்டு? நான் மத்தியானந்தானே கூப்பிடுதேன், காலையிலேருந்து உண்டுன்னு ஒரு சாரு சொன்னாரே, அது ஆரு?"

'ஒரு சாரு' என்பது நான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவர்தான். பிரின்சி எடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று, போனை மெதுவாகச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். அடுக்களைப் பக்கம். மாதா படம். ஜன்னல். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு ஆண்கள்.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? குனிந்துவிடலாமா என்பதுதான். கையில் படத்தோடு கடைக்குள் நுழைந்தவன், ஒருவர் கண்ணில் படாமல் ஒளிய இடம் தேடினேன்.

ஒளியவில்லை. போனைக் கேட்டு வாங்கினேன்.

"ஷாஜி, அன்னைக்குச் சொன்னது நானாக்கும். போனுக்க பேரப் பாத்து ஆளு உண்டுன்னு நெனச்சுட்டேன். நாள் முழுக்கக் காட்டுனது இந்தப் போனத்தான், வேற ஒருத்தரும் கெடையாது. தப்பு முழுக்க எனக்கது. பிரின்சி மேல ஒண்ணும் இல்ல." தட்டு, ஆப், பெயர் எல்லாவற்றையும் விளக்கினேன். அத்தானும் பக்கத்தில் இருந்து ஆமாம் ஆமாம் என்றார்.

ஷாஜி முழுவதும் கேட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"செரி சாரே. மனசிலாச்சு. மனுசனுக்குத் தெத்து பற்றது சகஜம்தானே" என்றார், தப்பு நேர்வதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. போனைப் பிரின்சியிடம் கொடுத்தேன்.

"பிரின்சி" என்றார் ஷாஜி, அதே அமைதியான குரலில். "அந்தக் கதவுக்குப் பின்னால கொஞ்சம் காட்டு."

பிரின்சி காட்டினார். ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் என் போனில் இருந்து அந்த ஆப்பை அழித்துவிட்டேன் — அது ஒரு நிமிஷ வேலை.