பிரேக் கடை

என் அண்ணன் செத்துப்போன லாரியில் உட்கார்ந்துதான் நான் பல வருடம் மதியச் சோறு சாப்பிட்டேன். அலுமினியத் தட்டில் சோறு, அதன் மேல் நண்டுக் குழம்பு, ஓரத்தில் மொறுமொறுவென்று வறுத்த மடவை மீன். லாரியின் சாலைப் பக்கத்து மரச்சுவரைக் கழற்றிவிட்டு, உள்ளே இரண்டு நீளப் பலகைகள் போட்டிருந்தார்கள். நான் எப்போதும் சாலையைப் பார்த்த பலகையில்தான் உட்காருவேன். அங்கே வெயில் முகத்தில் அடிக்கும். ஆனால் அங்கிருந்து பார்த்தால் எதிரே அண்ணனுடைய முதலாளியின் லாரி ஷெட் தெரியும். அவருக்கும் என் முகம் தெரியும். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் அங்கே போய்ச் சாப்பிட்டேன்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். மாநில எல்லையில் இருந்த எளாவூர் செக்போஸ்டில் கல்கத்தா பக்கம் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்கும். எங்களுக்கு அங்கே கொஞ்சம் நெல் வயலும், வயலை ஒட்டிச் சாலையோரமாக ஒரு மேட்டு நிலமும் இருந்தன. விவசாயம் மட்டும் பார்த்தால் போதாது என்று அண்ணன் எதிர் ஷெட் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான். அண்ணி பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கும் ஒரு தீவில் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், தரையில் பஸ்ஸில் போவதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக வேலைக்குச் சேர்ந்திருந்த என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாப்பா என்பாள்.

அண்ணன் அந்தக் கடைசி லோடுக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாப்பிட வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பிரேக் சுத்தமா நிக்கல. ஷெட்ல உட்டுப் பாக்கலாம்னா, மொதல்ல லோட எறக்கிட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்ன்றாரு." அண்ணி, "அப்போ போவாதீங்க" என்றாள். "போகலன்னா வேற ஆள ஏத்திடுவாரு" என்று கையைக் கழுவிக்கொண்டு போனான். தடாவுக்கு அந்தப் பக்கம், குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காகத் திருப்பியதில் லாரி புளியமரத்தில் மோதியது. மாட்டுவண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்து, "பிரேக்க மிதிச்சி மிதிச்சிப் பாத்தாரும்மா, நான் பாத்தேன்" என்று அழுதார். முதலாளியோ போலீசாரிடம், டிரைவர் குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டார். வெற்றிலைகூடப் போடாதவன் என் அண்ணன். ஓட்டியவன் மேல்தான் தப்பு என்று கேஸ் முடிந்தது.

கருமாதிக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கூட்டத்துக்குக் கேட்கும்படி, "உனுக்கு இன்னா வேணும்னு கேளும்மா, நான் செய்றேன்" என்றார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் தலை நிமிராமலே, "அந்த வண்டியக் குடுங்க" என்றாள்.

"ஒடஞ்ச வண்டிய வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ? எடைக்குப் போடப் போறியா?"

"இன்னாவோ பண்ணிக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வண்டியைக் கொடுத்தார். அண்ணி அதை வேறொரு லாரியில் கட்டி இழுத்துவரச் செய்து, எங்கள் மேட்டு நிலத்தில், ஷெட்டுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். நசுங்கிய முன்பக்கத்தை நிமிர்த்தவில்லை. கதவிலும் நெற்றிப் பலகையிலும் எழுதியிருந்த முதலாளியின் பெயரை அழிக்கவில்லை. அழிக்காததோடு, தீபாவளிக்குத் தீபாவளி அந்த எழுத்துகளுக்கு மட்டும் புது மஞ்சள் பெயின்ட் அடித்தாள்.

பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டு, சவுக்கு விறகு வைத்து அடுப்பு மூட்டினாள். ஏரி மீன் தினமும் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து கூடையில் வந்தது. மடவை, கெளுத்தி, எறா, நண்டு. தீவில் அவள் அம்மா வைத்த கைப்பக்குவம் அது. புளித்தண்ணீரில் மிளகாயைக் கரைத்து மீனில் தடவி ஊறவைத்து, பெரிய கல்லில் போட்டால் அந்த வாசனை செக்போஸ்ட் வரைக்கும் போகும். டிரைவர்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யார் புதிதாக வந்தாலும், தட்டை வைத்துவிட்டு அண்ணி கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நைனா, வண்டிக்கு பிரேக் நிக்கிதா?" அவர்கள் சிரிப்பார்கள். எதுக்கும்மா கேக்குற என்பார்கள். நசுங்கிக் கிடக்கும் முன்பக்கத்தைக் கரண்டியால் காட்டி அண்ணி நடந்ததைச் சொல்வாள். அழமாட்டாள். குரலும் உயராது. கதவில் இருக்கும் பெயரை ஒருமுறை வாசிப்பாள், எதிர் ஷெட்டில் நிற்பவரைக் கைநீட்டிக் காட்டுவாள், அடுத்த மீனைத் திருப்பிப் போடுவாள். நெல்லூர்க்காரன் சூலூர்ப்பேட்டையில் சொல்ல, அங்கே கேட்டவன் விஜயவாடாவில் சொல்ல, அந்தச் சாலை முழுக்கக் கதை போய்விட்டது. பிரேக் கடை என்றே அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

முதலாளி சும்மா இருக்கவில்லை. இடம் புறம்போக்கு என்று ஆள் அனுப்பினார். பட்டா எங்கள் அப்பா பெயரில் இருந்தது. மீன் கெட்டுப்போனது என்று கிளப்பிவிட்டார். அதைச் சொல்ல வந்த ஆளே நண்டுக் குழம்பு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். எங்கள் அம்மாவை நல்ல வார்த்தை சொல்லிப் பிடித்தார். அம்மாவும் அண்ணியிடம், "போனவன் போயிட்டான், இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு, உட்டுடேன்" என்று கெஞ்சினாள். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், "உடக்கூடாது" என்று. நான் படித்தவள், பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். இருந்தும் அதைச் சொல்லும்போது என் வாய் இனித்தது.

முதலாளியிடமிருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் இருக்கிற எவனும் அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டேன் என்றான். லோடு கொடுக்கிறவர்களும் யோசித்தார்கள். ஷெட்டில் வண்டிகள் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தன. முதலாளி தினமும் வேப்பமரத்தடியில் சாலையைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். ஒருநாள் மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த நாற்காலி திரும்பியிருந்தது. அவர் முதுகுதான் தெரிந்தது. "பாத்தியா பாப்பா?" என்றாள் அண்ணி. அன்றைக்கு நான் வழக்கத்தைவிட இரண்டு மீன் அதிகம் சாப்பிட்டேன்.

கடைசி லாரியையும் விற்ற பிறகு, ஒரு பகல் நேரத்தில் அவர் சாலையைக் கடந்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் லாரிக்குள் ஏறவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் ஊரவுட்டே போறேன். எங்க பசங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்றாங்கம்மா. பேர மட்டும் அழிச்சிடு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்."

அண்ணி கல்லின் மேல் இருந்த மீன் கருகாமல் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவரும் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, மொதலாளி."

 அவர் திரும்பிப் போனார். லாரி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் சாலையைக் கடந்தார். யாரோ ஒரு டிரைவர், பாவம் என்றான். அண்ணி அவன் தட்டில் குழம்பு ஊற்றினாள். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இல்லை. இருந்திருக்க வேண்டுமோ என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் கருமாதி அன்று அவர் முகத்தில் வந்த அந்த நிம்மதிதான் முன்னால் வந்து நிற்கிறது.

இப்போது அங்கே சாலை அகலமாகி, எங்கள் மேட்டு நிலம் தாருக்கடியில் போய்விட்டது. நான் ஓய்வு பெற்று மணவாள நகரில் இருக்கிறேன். அண்ணியும் என்னோடுதான். போன ஆடியில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர், அந்த முதலாளி இறந்துவிட்டார், மகன் வீட்டில் ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தாராம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, "பாப்பா, மார்க்கெட்டுக்குப் போய் நல்ல மீனா வாங்கியா" என்றாள்.

வாங்கிவந்தேன். அவளே உட்கார்ந்து ஆய்ந்து, அவளே வறுத்தாள். என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். 

"உப்பு சரியா கீதா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியா கீது அண்ணி" என்றேன்.