பெட்டிக்குள் போகாத சிப்பாய்கள்

அமராவதியிடம் யாரும் இரண்டு முறை வாதாடியதில்லை. முதல் முறையிலேயே போதும் போதும் என்றாகிவிடும். கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெண். சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மடியில் ஒரு செருப்பு டப்பாவை வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிடுவாள். டப்பாவுக்குள் இருப்பது செருப்பல்ல, ஒரு படை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கதிர்வேல் நான். என் கடை மாடியில்தான் அந்த விளையாட்டு நடக்கும். பெரிய மேசை, அதன் மேல் அட்டையில் செய்த கோட்டை, தூவிய மணல், கட்டைவிரல் உயரத்துக்குப் போர்வீரர் பொம்மைகள். அளவு நாடா வைத்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். கழுதை வயசான பிறகு பொம்மை விளையாட்டா என்று என் மனைவி மங்கலம் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் பார்க்கும் சீரியலை நான் ஏதாவது சொல்கிறேனா?

ஆட்டத்தைவிட அதற்கு முன்னால் நடக்கும் சண்டைதான் பெரிது. இரண்டு பேருக்கும் சமமான பாயின்ட். நல்ல வீரனுக்கு அதிக பாயின்ட், மட்டமானவனுக்குக் குறைவு. அந்தப் பாயின்டுக்குள் அவரவர் படைப்பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம். கெட்டிக்காரர்கள் பொறுக்கியெடுத்த குதிரைகளையும் பீரங்கிகளையும் சேர்த்து, எந்த ராஜாவும் கனவில்கூடக் கண்டிராத ஒரு படையோடு வந்து நிற்பார்கள். அமராவதிக்கு அது ஆகவே ஆகாது. அன்றைக்கு அந்த இடத்தில் யார் இருந்தார்களோ அவர்கள்தான் மேசையில் நிற்க வேண்டும். அதனாலேயே பெரும்பாலும் தோற்றாள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

2008-ல் சித்தார்த் ஒரு பெரிய ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரர். வெளிநாட்டிலிருந்து ஈயப் பொம்மைகளும் விதிப் புத்தகமும் வாங்கி வந்து எங்களுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரனிடமிருந்து பிரெஞ்சுக்காரன் பிடித்து அந்த வருஷத்தோடு இருநூற்றைம்பது வருஷம். சென்னையிலிருந்து சுப்புராயன் என்கிற பெரிய ஆட்டக்காரர் வருகிறார், பிரெஞ்சுப் படை அவருக்கு. கோட்டை அமராவதிக்கு.

"வெள்ளக்கார சோல்ஜராவே எடுத்துக்குங்க மேடம். பாயின்ட் தாங்கும், ஜெயிக்கலாம்" என்றார் சித்தார்த்.

"உள்ள இருந்ததுல நம்மூரு சிப்பாய்ங்கதான் சார் ஜாஸ்தி."

"அதுல பாதிக்கு மேல ஓடிட்டாங்க, நீங்களும் படிச்சதுதான. புக்குலயே அவுங்க ‘சி’ கிளாஸ். அடி விழுந்தா ஓடிருவாங்க."

"ஓடட்டும் சார். ‘சி’ கிளாஸே போடுங்க. ஆனா ஓடுனவங்க திரும்பி வரலாம்னு ஒரு வரி சேத்துக்குங்க."

சித்தார்த் சிரித்துவிட்டார். விதி இதுதான்: ஓடுகிற வீரன் மேசையின் விளிம்பைத் தொட்டால் ஆட்டத்தை விட்டே போனான், எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். "ரூல்ல கை வைக்க முடியாது மேடம். ஒத்துக்கலன்னா கோட்டைய வேற யாருக்காவது குடுக்கறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவள் ஊர்க் கோட்டை அது. அவள் எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். "அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

சித்தார்த்தின் ஈயச் சிப்பாய்களையும் அவள் தொடவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டெல்லாம் பிற்பாடு வந்தது என்று சொல்லி, எம்-சீலை உருட்டி அவளே பொம்மை செய்தாள். வேட்டிக்கு என் கடை ஒயிட்னர், தலைப்பாகைக்கு நெயில் பாலிஷ். பாதிப் பேருக்குக் கழுத்தே இல்லை. ஒருவன் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"இவனுக்கு என்னம்மா, சுளுக்கா?" என்றேன்.

"கடலப் பாக்கறாண்ணே. எங்கூரு ஆளு."

ஆட்டத்தன்று சுப்புராயன் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தினார். பளபளவென்று ஒரு தூசி இல்லாத படை. பகடை அவர் பக்கமே விழுந்தது. அமராவதியின் சிப்பாய்கள் அடி வாங்கினார்கள், ஓடினார்கள், மேசையின் விளிம்புக்கு வந்தார்கள். சித்தார்த் பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் போடவில்லை. ஓடி வந்தவர்களை விளிம்பிலேயே வரிசையாக நிறுத்தினாள்.

"பெட்டில போடுங்க மேடம். ஓடுனவன் ஓடுனவன்தான்" என்றார் சுப்புராயன். "கோழைங்கள வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

அமராவதி நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை. ஆனால் அப்படியொரு கோபத்தை அந்த மாடி அதற்கு முன் பார்த்ததில்லை.

"நானும் ஓடுனவதான் சார். சுனாமி அன்னைக்கு. செருப்புகூட இல்லாம மஞ்சக்குப்பம் வரைக்கும் ஓடுனேன். எங்க தெருவே ஓடுச்சி. எங்கண்ணனால ஓட முடியல."

கீழே கடையில் யாரோ ஜெராக்ஸுக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டோம். படகத் தூக்கி அண்ணன எடுத்துப் பொதைச்சது யாரு? அந்த ஓடுனவங்கதான். வெள்ளக்காரன் ஓடுனா கப்பல் இருக்கு சார். சிப்பாய் எங்க ஓடுவான்? வீட்டுக்குத்தான். வீடு இந்த மேசையிலதான இருக்கு!"

மேசையின் ஓரத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில், அழகுக்காக நான் ஒட்டியிருந்த அட்டைக் குடிசைகளை அவள் விரல் தொட்டது. சத்தியமாக, அதுவரை எனக்கு அவை வெறும் அட்டைதான்.

சுப்புராயன் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது. அவள் ஒரு சலுகையும் கேட்கவில்லை. கோட்டை விழுந்தது, பிரெஞ்சுக்காரர் ஜெயித்தார். அவள் எழுந்து சுப்புராயனுக்குக் கை கொடுத்தாள். பிறகு விளிம்பில் நின்றவர்களை ஒவ்வொருவராக எடுத்துக் குடிசைகளின் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். தலை திரும்பியவனைக் கடலோரத்தில் வைத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றார் சித்தார்த். பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"உங்க ஆட்டம் முடிஞ்சிது சார். இவுங்க நாளைக்குக் கடலுக்குப் போவணும்."

நான்கு வருஷம் ஆகிறது. அமராவதி இன்னமும் அதே படைப்பட்டியலோடுதான் வருகிறாள், இன்னமும் பெரும்பாலும் தோற்கிறாள். புத்தகத்தில் அவர்கள் இன்றைக்கும் ‘சி’ கிளாஸ்தான். ஆனால் ஓடிப்போனவர்களைப் போடும் அந்தப் பெட்டியில் சித்தார்த் இப்போது பகடைகளைத்தான் வைத்திருக்கிறார்.