காருக்கு வாங்கிய ஊதுபத்தி

அம்மாவின் வீட்டு ஷோகேஸில், அப்பாவின் பைபிளுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பக்கத்தில் ஓர் ஊதுபத்தி பாக்கெட் இருக்கிறது. உறை வெளுத்துவிட்டது. ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். துணிந்து கேட்கிறவர்களிடம் அம்மா, "அது காருக்கு" என்பாள். அந்தக் காரை விற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன.

வாசனை ஏறக்குறைய போய்விட்டது. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த வீட்டின் போர்டிகோ, பாதி வெயிலும் பாதி வேப்பமர நிழலுமாக மிதந்து வரும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கிண்டியில் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை முழுவதும் அதற்குத்தான். வெளியே சோப்புத் தண்ணீர். பிறகு பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கறுப்பு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அவை புதுசு போல மின்னும். பிள்ளைகளின் நகத்தையும் காலரையும் பார்த்தே பழகியவருக்கு இன்ஜின் மட்டும் அழுக்காக இருந்தால் பொறுக்குமா?

ஓடும்போது அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால்தான் இன்ஜின் ஏறி இறங்கித் திணறும். அப்பா தனியாகப் போனால் எப்படியோ சமாளித்து வந்துவிடும். அம்மா ஏறினால் கட்டாயம் அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில், ரயில்வே கேட் திறந்த நேரம் பார்த்து நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அம்மாவும் நானும் பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளினோம். வியர்த்துக் கொட்டிய அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நீ ஏறினாலே வண்டி நின்னுடுது" என்றார். அம்மா காரிலிருந்து கையை எடுத்தாள். தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் காரில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோவில் போனாள். அப்பா அதன் பின்னாலேயே மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு போவார், முன்சீட்டில் அவருடைய பைபிள் மட்டும் உட்கார்ந்திருக்கும். வீட்டில் சாப்பாடும் காபியும் வேளைக்கு வந்தன, பேச்சுதான் நின்றுபோனது. எனக்கு அப்பா மேல் கோபம். ராசியும் சகுனமும் பார்க்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் புத்தி சொன்ன மனிதர் அவர். கட்டிய மனைவியை ராசியில்லாதவள் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாரே!

ப்ளக், பேட்டரி எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் வண்டலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எங்கியோ காத்து பூந்துகினு கீது சார். ஒரு ஊதுபத்தி குடுங்க."

அப்பா விறைத்துப்போனார். "எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுப்பா."

"சாமிக்கு இல்ல சார், வண்டிக்கு."

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த அம்மா வெளியே வந்தாள். யாரையும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு குச்சி வாங்கி வந்தாள். அப்பா தெருக்கேட்டைச் சாத்தினார்.

பெட்ரோல் கசிவு இல்லையென்று பார்த்துக்கொண்டு, மெக்கானிக் ஊதுபத்தியைக் குழாய்களின் ஓரமாக நகர்த்தினார். ஃபேன் காற்று படாமல் உள்ளங்கையால் மறைத்திருந்தார். நீலப் புகை சோம்பலாக மேலே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் பல நாட்களுக்குப் பிறகு தோளோடு தோள் நின்று அதையே பார்த்தோம். விரல் தடிமனுள்ள ஒரு குழாயின் அடியில் வந்ததும் புகை வளைந்தது. உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சியது போல ரப்பருக்குள் போய் மறைந்தது.

"திருட்டுக் காத்து சார். ஓடறப்ப தெரியாது. நிக்கறப்ப இன்ஜின் கொஞ்சூண்டுதான் காத்து இழுக்கும், அதுல இதுவும் பூந்தா பேஜாராயிடும். ஏசி போட்டா சுத்தமா ஆஃப் ஆயிடும்."

அம்மாவுக்கு வியர்க்குமே என்று, அவள் ஏறினால் மட்டும்தான் அப்பா ஏசி போடுவார். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மெக்கானிக் குழாயை அழுத்தி முகர்ந்தார். "யாருனா கெரசின்ல தொடச்சாங்களா? ரப்பர் ஊறி வெடிச்சிருக்கு."

அப்பா தன் மண்ணெண்ணெய்த் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் குழாய் போட்டதும் திணறல் போய்விட்டது. சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு நடந்தார். திரும்பும்போது கையில் ஊதுபத்தி பாக்கெட். சர்ச் கமிட்டியில் இருந்த அப்பா பூஜைச் சாமான் கடையில் நின்றதை யார் யார் பார்த்தார்களோ! ஒரு குச்சியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மீதியைக் காரின் டேஷ்போர்டில் வைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பிய அம்மா, அவரையும் டேஷ்போர்டையும் பார்த்தபடி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏசி ஓடியது, ரயில் போய் முடியும்வரை இன்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஷோகேஸைத் துடைக்கும்போது, "இன்னும் எதுக்கும்மா இது?" என்று கேட்டேன். அம்மா பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுன்னு உங்கப்பா ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. போய் இத வாங்கிட்டு வந்தாரு" என்று சொல்லி, பைபிளுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்தாள்.