கதியாலில் தொங்கிய பொட்டலம்

வாடிய தேக்கம் இலைக்கு ஒரு மணம் உண்டு. ஈரமும் துவர்ப்பும் கலந்த மணம். கிளிநொச்சிச் சந்தையில் யாராவது இலைப் பொட்டலம் ஒன்றை அவிழ்த்தால் இன்றும் என் கால் ஒரு கணம் நின்றுவிடும். கை தானாகவே வேட்டியில் துடைத்துக்கொள்ளும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. குடியேற்றத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்த எங்களுக்கு அது இரண்டாவது போகம். நான், மனைவி, பிறகு சுட்டியன். சுட்டியன் எங்கள் நாய். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் எங்களுக்கு முதலே அவனுக்குத் தெரிந்துவிடும். காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டு தண்ணீர் வர, அதைப் பார்த்துக் குரைத்தபடி பின்பக்கமாகவே ஓடுவான். கொக்குகளைத் துரத்துவான், ஒன்றும் அகப்படாது, பிடித்தவனைப் போல நடந்து வருவான். வரம்பு நண்டு மூக்கைக் கவ்விய மறுநாளும் அதே வளைக்குள் மூக்கை விட்டவன்.

அப்படிப்பட்டவன் சில நாட்களில் விடியமுன் காணாமல் போகத் தொடங்கினான். மத்தியானம் திரும்புவான். உடம்பெல்லாம் புல் விதை, காலெல்லாம் சேறு, கண்ணில் ஒரு நிறைவு. வைத்த சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துவிடுவான். எங்கே போகிறான்? யார் தீன் போடுகிறார்கள்? எதற்காகப் போடுகிறார்கள்?

அப்படி ஒரு நாள் பின்னேரம், வேலிக்கு நட்ட கதியால் தடியொன்றில் பொட்டலம் ஒன்று தொங்கியது. தேக்கம் இலை; மேலே மரநார்க் கட்டு. அவிழ்த்தேன். உள்ளே இறைச்சித் துண்டுகள். என் விரலெல்லாம் சிவப்பு. அது இலையின் சாயமா, இரத்தமா என்று சொல்ல அன்று எனக்குத் தெரியாது. நாங்கள் மச்ச மாமிசம் தொடாத குடும்பம்.

பக்கத்துக் காணிக்காரரும் எங்களைப் போலக் குடாநாட்டிலிருந்து வந்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது சும்மா இறைச்சி இல்லை. செய்வினை. காட்டோரத்துப் பழைய ஊர்ச் சனம் காணியைப் பிடிக்கிறதெண்டால் முதல் நாயைத்தான் முடிப்பினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. யோசிச்சுப் பார்த்தன்."

பூவரசடியில் குழி வெட்டிப் புதைத்தேன். காலையில் பார்த்தால் குழி கிண்டப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. வைத்தவனே வந்து எடுத்துப்போயிருக்கிறான் என்று நினைத்தேன். மூடவும் பயம். அடுத்த கிழமை இன்னொரு பொட்டலம், பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றையும் முந்தியதைவிட ஆழமாகப் புதைத்தேன். ஒவ்வொரு குழியும் காலையில் வெறுமை.

அதன்பின் வேலியோரம் நடந்தவரெல்லாம் என் கண்ணுக்குக் கள்ளர். வாய்க்காலுக்கு அப்பால் காட்டோரத்தில் புகை எழுந்தாலும் அது எனக்கெதிராகவே எழுந்தது. கடைசியில் சுட்டியனையே சந்தேகித்தேன். "உனக்கு எல்லாம் தெரியுமடா" என்பேன். அவன் வாலை ஆட்டுவான். அதுவும் ஒப்புக்கொள்வது போலவே இருந்தது.

மூன்று பொட்டலங்களுக்குப் பிறகு ஒரு நாள், காணாமல் போனவன் முன்னங்காலுக்கு மேலே தோள் கிழிந்து வந்தான். அன்று பொட்டலம் இல்லை. இனிப் பொட்டலம் தேவையில்லை, கத்தியையே எடுத்துவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். மஞ்சள் பூசிக் கட்டிப்போட்டேன். மூன்றாம் நாள் காயம் நாறியது. வாய்க்காலில் தண்ணீர் வந்த சத்தத்துக்கு அவன் காது மட்டும் அசைந்தது; தலை எழவில்லை.

"ஆரையாவது கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஆரை நம்பிக் கேக்கிறது?"

"அப்ப சாக விடுறதோ?"

வெட்டியவன் பார்க்க வருவான் என்று, அன்று பின்னேரம் மண்வெட்டிப் பிடியோடு வைக்கோற் போருக்குப் பின்னால் பதுங்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் காட்டுக்கத்தி, கையில் இலைப் பொட்டலம். கதியாலில் கட்டிவிட்டு எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்தார். பாய்ந்து வெளியே வந்தேன்.

"என்ர நாயை என்ன செய்தனீர்?"

அவர் பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதைத்தான் நானும் கேக்க வந்தனான். மாப்பிள்ளை எப்பிடி?"

"எந்த மாப்பிள்ளை?"

"உங்கட நாய்தான். விடிய வாறான், வேட்டையாடுறான், சாப்பிடுறான், எங்கட நாயளைத் திரும்பியும் பாராமல் போறான். வேற என்னெண்டு கூப்பிடுறது?"

அந்தக் குரலுக்கு, மூன்று நாளாக அசையாமல் கிடந்தவன் வாலை நிலத்தில் அடித்தான். டப், டப். என் கை தளர்ந்தது, சந்தேகம் தளரவில்லை. அவரோ படலையைத் தொடாமல் நின்றார். மனைவிதான் என்னைத் தாண்டிப் போய்த் திறந்தாள். "வாங்கோ அண்ணை."

காயத்தை விரித்துப் பார்த்தார். "பண்டி வெட்டினது. அண்டைக்கு அது தப்பிட்டுது. புழுவும் வைச்சிட்டுதே." காட்டுப்பன்றி. கத்தியுமில்லை, செய்வினையுமில்லை. மடியிலிருந்து அன்னமுன்னா என்னும் சீத்தா மரத்து இலைகளை எடுத்துக் கசக்கிக் காயத்துக்குள் பிழிந்தார். நான் சுட்டியனின் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். உறுமினான், அவரைக் கடிக்கவில்லை. புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வேலையோடு வேலையாகச் சொன்னார். அவர்கள் ஊரில் வேட்டைக்கு வந்த நாய்க்கும் பங்கு உண்டு. நாய்க்காரர் வீட்டு வேலியில் கட்டிவிட வேண்டும். பொழுதுபடும்வரை அது தொங்கினால் விருப்பமில்லை என்று அர்த்தம். பிறகு அந்த நாயைச் சேர்க்க மாட்டார்கள். எடுத்தால் சம்மதம். காயப்பட்ட நாய்க்கு, வராவிட்டாலும் ஆறும்வரை பங்கு போகும்.

"நீங்கள் ஒவ்வொருக்காலும் உடன எடுத்தனீங்கள். நல்ல ஆசையாக்கும் எண்டு நினைச்சன்."

"நாங்கள் மச்சம் சாப்பிடாத ஆக்கள், அண்ணை. எல்லாத்தையும் புதைச்சுப்போட்டன்."

"புதைச்சதோ? எங்கை?"

பூவரசடியைக் காட்டினேன். மூன்று வெற்றுக் குழிகள். அவர் குழிகளைப் பார்த்தார். பிறகு சுட்டியனின் பாதத்தைத் தூக்கி, நகங்களுக்குள் இறுகியிருந்த மண்ணைப் பார்த்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. நான் குழி வெட்டும்போதெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்து அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவன் அவன்தான்.

சுட்டியன் பிழைத்தான். இன்னும் பல வருடம் கொக்குகளைத் துரத்தினான், விடியமுன் காட்டுக்குப் போனான். பொட்டலங்களை நான் அவன் முன்னாலேயே அவிழ்த்து வைத்தேன். ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் "யோசிச்சுப் பார்க்க" என் மனம் புறப்படும்போதெல்லாம், இந்த வயதிலும், முதலில் அந்த மூன்று குழிகளையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அன்று அவர் போகும்போது, நான் முற்றத்தில் போட்டிருந்த மண்வெட்டிப் பிடியை எடுத்து என் கையில் தந்தார். வாய்க்காலில் இறங்குமுன் திரும்பினார்.

"தம்பி, காயம் ஆறுமட்டும் ஆழமாய்ப் புதையாதேங்கோ. அவனுக்குக் கால் நோகும்."