ஃபேன் பெல்ட்டும் ஒரு லுங்கி நூலும்

எட்டு வயதில் எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. அப்பா சொல்வதைச் சித்தியிடமும், சித்தி சொல்வதை அப்பாவிடமும் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே கூடத்தில்தான் நிற்பார்கள், இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் பேச்சு என் வாய் வழியாகப் போய் வந்தால்தான் செல்லுபடியாகும். எனக்கு அதில் பெருமை தாங்காது.

சித்தப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எங்கள் ஆம்பூர் வீட்டுக்கு, குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற ஓர் இந்து வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து கூட்டிவந்துவிட்டார். தம்பியை வெளியே போகச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணோடு பேசவும் மனம் வரவில்லை. சித்தியின் அப்பா, தன் விசைத்தறியில் நெய்த பச்சைக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றைச் சம்பந்தி மரியாதையாகக் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா அதைக் கொண்டுபோய்க் கார் டிக்கியில் போட்டார். கார் துடைக்க ஆகுமாம். சித்தி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கார் என்னைவிட மூத்தது, செல்லமும் அதற்குத்தான் ஜாஸ்தி. மெக்கானிக் டைனமோவைக் கழற்றி ரிப்பேர் செய்து மாட்டிய நாளிலிருந்து அதற்கு ஒரு வியாதி வந்தது. ஃபேன் பெல்ட் அடிக்கடி கழன்று விழும், சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் கொதிக்கும். அப்பா ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிறவர். பெல்ட் என்றால் தனக்குத் தெரியாததா என்று நினைப்பு. விழுந்த பெல்ட்டை வெளிச்சத்தில் பிடிப்பார், மடிப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். "மெட்டீரியல் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்வார். இப்படி மூன்று பெல்ட் மாற்றினார். நான்காவதாக, கம்பெனியில் முதல் தர எருமைத் தோலில் ஒன்றைத் தைத்தே எடுத்து வந்து மாட்டினார். அது பக்கத்து ஊரான மாதனூரைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் சத்தமில்லாமல் மறுபடி ரப்பர் பெல்ட் வந்தது.

அத்தை மகளுக்கு வேலூரில் கல்யாணம். சித்தப்பாவுக்கு அன்றைக்கு டூட்டி. "அவளும் வர்றா. இல்லன்னா நானும் வரல" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா என் பக்கம் திரும்பி, "காலையில ஏழரைக்கு ரெடியா இருக்கணும்னு உங்க சித்திகிட்ட சொல்லு" என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் முன்னால் சித்தி போய் நிற்கப்போவது அதுதான் முதல் தடவை. மூத்தவரே பேசாத பெண்ணோடு மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள்? காரில் ஏறியதிலிருந்து சித்தி முந்தானையைப் பத்து தடவையாவது சரி செய்திருப்பாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா பானெட்டைத் திறந்தார். கல்யாணச் சட்டை அழுக்காகாமல் இருக்க அந்தப் பச்சை லுங்கியை எடுத்து மட்கார்டின் மேல் விரித்து, அதில் சாய்ந்துகொண்டு பெல்ட்டை வெளியே எடுத்தார். வழக்கம்போல மடித்துப் பார்த்துவிட்டு லுங்கி மேலேயே போட்டார். சித்தி இறங்கி வந்து பெல்ட்டின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லு. பெல்ட்டு மேல தப்பு இல்ல. ஒரு பக்கத்து ஓரம் மட்டும் நார் நாரா வந்திருக்கு. பெல்ட்டு ஓடுற சக்கரம், அந்தப் புல்லி ரெண்டும் நேரா இல்ல. எங்க தறி மோட்டார்லயும் இப்டிதான் ஆவும்."

"அப்பா, பெல்ட்டு மேல தப்பு..."

"தறியும் காரும் ஒண்ணான்னு கேளு."

அப்பா சொன்ன தொனியை மட்டும் கொஞ்சம் கம்மி செய்துவிட்டுக் கேட்டேன். உத்தியோகத்தில் அந்த அளவு அதிகாரம் எனக்கு இருந்தது.

"நூல் புடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்னு சொல்லு" என்ற சித்தி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லுங்கியின் ஓரத்திலிருந்து நீளமாக ஒரு நூலை உருவினாள். அப்பா அந்த லுங்கியைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

நூலைக் கீழ்ப் புல்லியின் முகத்தோடு ஒட்டி இழுத்தால் அது மேலே இருக்கிற டைனமோ புல்லியின் முகத்தையும் தொட வேண்டும். ஆனால் இரண்டு முனைகளையும் பிடிக்கச் சித்திக்குக் கை போதவில்லை, எனக்கோ உயரம் போதவில்லை. மேல் முனையை அப்பாதான் பிடித்தார். நூலுக்கும் டைனமோ புல்லிக்கும் நடுவே ஒரு அரிசி போகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

அப்பா குனிந்து அந்த இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தார். "டைனமோவ மாட்டும்போது வாஷர் போடாம விட்டிருக்கான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சித்தியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து, சித்தியை நேராகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழுத்துப் புடிம்மா" என்றார்.

"இதோ, மாமா."

திறந்த வாயோடு நான் அப்படியே நின்றேன்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் இரண்டு வாஷர் கிடைத்தன. அவற்றை உள்ளே கொடுத்து முறுக்கி, அதே பழைய பெல்ட்டை மாட்டினார் அப்பா. எஞ்சின் சமத்தாக ஓடியது. அவர் கை இரண்டும் கன்னங்கரேல் என்று கிரீஸ். லுங்கி எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை இரண்டு விரல் நுனியால் தூக்கி, தூசி தட்டி, "மடிச்சு வைம்மா" என்று சித்தியிடம் நீட்டினார். பிறகு கையைத் தன் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

அந்தச் சட்டைக்கு அம்மா விடியற்காலையில் எழுந்து இஸ்திரி போட்டிருந்தாள். இன்றைக்கு அப்பா தொலைந்தார் என்று நினைத்தேன். அம்மா கறையைப் பார்த்துவிட்டு, சித்தி உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

கல்யாணத்துக்கு அந்தக் கரிச் சட்டையோடுதான் போனார். சித்தியை முன்னால் விட்டு, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "தம்பி சம்சாரம். வர்ற வழியில காரே நின்னு போச்சு, இதுதான் சரி பண்ணிச்சு" என்றார். அத்தை சித்தியின் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "பக்கத்துலயே துணி இருந்துச்சே, ஏம்பா சட்டையில துடைச்சீங்க?" என்று கேட்டேன். அப்பா ஹாரன் அடித்தார், எதிரே வண்டி ஒன்றும் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சித்தி மடியிலிருந்த லுங்கியை இன்னும் சிறியதாக மடித்தாள். அப்பாவுக்கு எஞ்சினும் பார்க்கத் தெரியவில்லை, கை துடைக்கவும் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, யாராவது யாருக்காவது ஏதாவது சொல்லியனுப்ப மாட்டார்களா என்று ஆம்பூர் வரும்வரை காத்துக்கொண்டே வந்தேன்.